பதினேழு டன் சந்தேகம்

அவரிடம் கொடுத்த பொருள் திருந்தும். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. திருந்திய கையோடு அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடவேண்டும், அதுதான் கஷ்டம். ஐந்து நிமிடம் தாமதித்தால் மறுபடியும் கழற்றத் தொடங்கிவிடுவார். கேட்டால் எப்போதும் ஒரே பதில்.

“ஓடுது எண்டா என்ன அர்த்தம் தம்பி? பிழை எங்கையோ ஒளிச்சுக்கொண்டு இருக்குதெண்டு அர்த்தம். கழட்டினாத்தான் தெரியும்.”

தையல் மெஷினைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் சொன்னது பதினேழு டன் எடையுள்ள ஒரு டாங்கியைப் பற்றி.

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில், ட்ராம் பாதைக்குப் பின்பக்கம், பழைய தொழிற்பேட்டை ஒன்றின் கடைசி முற்றத்தில் அது நின்றது. பிரிட்டிஷ் இராணுவம் கழித்துவிட்டது. இந்த நாட்டில் அப்படிக் கழித்துவிடுகிறவற்றை ஏலத்தில் எடுத்து, கொட்டகையில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீஸ் பூசிச் சந்தோஷப்படுகிற வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சங்கம் வைத்திருக்கிறார்கள், கோடையில் கண்காட்சி நடத்துகிறார்கள். அவர்களைக் கேட்டால் எங்களுடையது டாங்கியே இல்லை, தானே ஓடும் பீரங்கி என்பார்கள். செயினில் ஓடி, மேலே குழலும் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அது டாங்கிதான். குழலுக்குள் இரும்பை அடைத்து வெல்ட் பண்ணியிருந்தது. அதற்கு ஒரு அத்தாட்சிப் பத்திரமும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ட்ராமில் போகிறவர்களுக்கு வேலிக்கு மேலால் குழலின் நுனி மட்டும் தெரியும்.

அவர் பஸ் டிப்போவில் இருபது வருடத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஓய்வு எடுத்தவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மொஸ்கோவில் ஒரு குளிர்காலம், பிறகு யார் யாருடைய லொறிகளுக்குள்ளோ சில வாரங்கள், பிறகு லண்டன். கோழிக்கடை, பெற்றோல் நிலையம், மீன் பெட்டிகள் அடுக்கும் குளிரறை. ஒரு முகவரியிலும் ஆறு மாதத்துக்கு மேல் என் பெயருக்குக் கடிதம் வந்ததில்லை. அவருடைய முற்றத்தில் சக்கரம் இல்லாத கரவன் ஒன்று, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பெட்டி வீடு, கிடந்தது. “படுக்கிறதெண்டாப் படும். ஞாயிற்றுக்கிழமையில எனக்கு இன்னொரு சோடிக் கை வேணும்” என்றார். மூன்று வருடம் படுத்தேன்.

அந்தக் கரவனுக்குள் ஒரு காஸ் ஹீட்டர் இருந்தது. நன்றாக எரிந்தது. தை மாதம் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்க உள்ளே வந்தவர் காதைச் சாய்த்துக் கேட்டார். “சத்தம் கொஞ்சம் பிந்தி வருது” என்றார். நான் தேத்தண்ணியை ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் ஹீட்டரின் முகம் தரையில் கிடந்தது. நான்கு நாட்கள் இரண்டு ஜக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு படுத்தேன். ஐந்தாம் நாள் ஒரு சின்ன வாஷரோடு வந்து பூட்டினார். முன்பு எப்படி எரிந்ததோ அப்படியே எரிந்தது.

“முந்தியும் இப்பிடித்தானே அண்ணை எரிஞ்சது?”

“முந்தி எரிஞ்சது. இப்ப அது ஏன் எரியுதெண்டு எங்களுக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியாது.”

“நீர் பாக்கேல்லை. போத்துக்கொண்டு படுத்திருந்தீர்.”

அவருடைய மனைவி ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நாட்களில் குசினிக் குழாய் பெரும்பாலும் நிலத்தில் ஒரு துண்டின் மேல் பல பாகங்களாக இருக்கும். அக்கா குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சோறு வடிப்பார்.

“தம்பி, இந்த மனுசனுக்கு என்னையும் ஒருக்காக் கழட்டிப் பாக்க ஆசை. மனுவல் புத்தகம் கிடைக்கேல்லை. அதாலை தப்பியிருக்கிறன்.”

“உமக்கு மனுவல் என்னத்துக்கு?” என்பார் அவர், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். “சத்தத்திலயே விளங்கும்.”

கோயிலில் அவருடைய கதை வேறு. ஒரு தேர்த்திருவிழாவில், தேர் வீதிக்கு வந்து நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தபோது ஒலிபெருக்கி செத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தால், இவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஜெனரேட்டரின் ஸ்பார்க் பிளக். “ஒரு சின்ன விக்கல் கேட்டது” என்றார். அதற்குப் பிறகு வந்த திருவிழாக்களில் நிர்வாகம் அவருக்கென்றே ஒரு தொண்டரை ஒதுக்கியது. அந்தத் தொண்டருக்கு வேறு கடமை இல்லை. இவருக்குக் கையில் மோர் கொடுத்து, ஜெனரேட்டர் இல்லாத திசையில் கதைத்துக்கொண்டு கூட்டிப் போவது.

இப்படிப்பட்டவரிடம் டாங்கி கிடைத்தால் என்ன ஆகும்? மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இல்லை. கிரீஸ், கம்பித் தூரிகை, டீசல் நாற்றம். கழற்றிய நட்டுகளைத் தமிழ்க்கடையில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையில் விரித்து வைப்பார். ஒவ்வொன்றையும் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டு இலக்கம் எழுதுவார். ராசிபலன் பக்கத்தில் பதின்மூன்றாம் நட்டு, நகைக்கடை விளம்பரத்தில் பதினான்காம் நட்டு. காற்றில் ஒரு பக்கம் புரண்டால் அன்றைய நாள் போச்சு.

மூன்று தடவை அந்த டாங்கி முழுதாகத் தயாரானது. முதல் தடவை கண்காட்சிக்கு. வெள்ளிக்கிழமை எல்லாம் பூட்டி, எஞ்சின் கடிகாரம் போல ஓடியது. சனிக்கிழமை காலை எழும்பி வந்து பார்த்தால் எரிபொருள் பம்ப் பத்திரிகையின் மேல். இரண்டாம் தடவை சங்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு வந்தார். வந்தவர், அதற்குள் கழன்று கிடந்த ஒரு பக்கத்துச் செயினைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை கொடியோடு படம் எடுக்க ஐந்தாறு இளைஞர்கள் வந்தார்கள். இவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்பித் தூரிகையைக் கொடுத்தார். அரை மணித்தியாலத்தில் ஒருவரும் இல்லை.

எஞ்சினை ஞாயிறுதோறும் நின்ற இடத்தில் ஓடவிடுவார். ஆனால் டாங்கி நகராது. ஏதாவது ஒரு பக்கத்துச் செயின் எப்போதும் கழன்றிருக்கும். ஒரேயொரு தடவை, கீழே ஒழுகிய எண்ணெயைப் பார்க்கவேண்டி வந்தபோது, என்னை உள்ளே இருத்தி மூன்று மீற்றர் முன்னுக்கும் மூன்று மீற்றர் பின்னுக்கும் ஓட்டச் சொன்னார். இரண்டு நெம்புகோல்கள்தான். இடது கையை இழுத்தால் இடது பக்கம் திரும்பும். வெளியே நின்று கையைக் காட்டிய அவர் அந்த மூன்று மீற்றரும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கறையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

டாங்கி ஏன் வாங்கினீர்கள் என்று எல்லோரும் அவரைக் கேட்பார்கள். கோயில் ஆட்களிடம் “இரும்பு நல்ல இரும்பு” என்பார். சங்கத்தாரிடம் எஞ்சினைப் பற்றிச் சொல்வார். அக்காவிடம் அவர் சொன்னது, பழைய வான் வண்டி ஒன்று எடுக்கப் போன ஏலத்தில் வண்டியெல்லாம் விற்று முடிந்துவிட்டது என்பது. நான் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் அடுத்த ஞாயிறு வேலை இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடும் என்ற பயம்.

பிறகு அந்த முற்றத்தில் அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் எல்லாம் வெளியே போகவேண்டும். டாங்கி, கரவன், நான்.

அந்த நேரத்தில் வந்தவர்தான், லண்டனின் மற்றக் கரையில் இருக்கிற செவன் கிங்ஸ் பகுதியின் மணவறைக்காரர். கல்யாணங்களுக்கு மணவறை, கதிரை, பந்தல் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். டாங்கியைச் சுற்றி ஒரு தரம் வந்தார். குழலைத் தட்டிப் பார்த்தார்.

“அண்ணை, ஹெலிகொப்டர் எல்லாம் பழசாப் போச்சு. குதிரை எல்லாரும் விடுகினம். மாப்பிள்ளை டாங்கியில வந்து இறங்கினா எப்பிடி இருக்கும்? ரண்டு பக்கமும் மாலை, குழல் நுனியில பெரிய குஞ்சம். யூரியூப் பத்தும்!”

இவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ர களஞ்சியத்தில இடம் இருக்கு. கதிரையளுக்கு மேல ஒரு அறையும் இருக்கு. காவலுக்கு ஆள் தேடுறன், இந்தத் தம்பி இருக்கட்டும். ஆனா ஒண்டு, ஓடவேணும். நிண்டுகொண்டு நிக்கிற இரும்புக்கு நான் இடம் குடுக்க ஏலாது. வெள்ளிக்கிழமை லொறியில தானா ஏறட்டும். நான் கண்ணால பாத்தா, தம்பிக்கு அண்டைக்கே அறைத் திறப்பு.”

“ஓம், ஓம்” என்றார் இவர்.

நான் போய் அந்த அறையைப் பார்த்தேன். ஜன்னல் இருந்தது. சுடுதண்ணீர் வந்தது. கதவுக்கு உள்ளேயிருந்து போடுகிற பூட்டு இருந்தது. எனக்கு அது போதும். எனக்கு வேறு போக்கிடமும் இல்லை. அவருக்கு இதை ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை சொன்னேன். வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு செயினும் பூட்டி, எஞ்சின் ஓடி, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அவரைக் கையைப் பிடித்து ட்ராமில் ஏற்றிவிட்டுத்தான் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை குளிரறை வேலை முடிந்து காலை பதினொரு மணிக்கு வந்தேன். வாசலில் தாழ்ந்த தட்டு வைத்த பெரிய லொறி நின்றது. உள்ளே, டாங்கியின் இரண்டு பக்கமும் இரண்டு செயின்களும் இரும்புப் பாய்கள் போல விரிந்து கிடந்தன. இவர் கவிழ்த்த வாளியின் மேல் இருந்தார். முன்னால் பத்திரிகை. அதன் மேல், செயினைக் கோர்க்கிற பின்கள் வரிசையாக.

“அண்ணை!”

“ரண்டு பின் தேஞ்சிருக்கு தம்பி.”

“நேற்றுப் பூட்டின புதுப் பின்!”

“அதுதான் பாத்தனான்.”

“ரண்டு பக்கமும் ஒரேயடியாக் கழட்டினாப் பிரேக் பிடியாது, உருளத் தொடங்கினா நிக்காது எண்டு ஒவ்வொரு ஞாயிறும் கத்துறது ஆர்?”

“கட்டை வைச்சிருக்கிறன்.”

“மணவறைக்காரர் மூண்டு மணிக்கு வாறார். உங்களுக்கு இது விளையாட்டு, அண்ணை. எனக்கு இது படுக்கை. இண்டைக்கு நான் எங்கை போய்ப் படுக்கிறது? சொல்லுங்கோ!”

நான் அவரிடம் அப்படிச் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு பின்னை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“ஓடுற டாங்கியை நான் பாத்திட்டன் தம்பி. ஊரில, சண்டை நேரம், எங்கட ஒழுங்கைக்குள்ள வந்தது. முதல்ல நிலம் நடுங்கினது. மதில் விழுந்த சத்தம் பிறகுதான் கேட்டது.” பின்னைப் பத்திரிகையில் அதன் வட்டத்துக்குள் வைத்தார். “ஓடாத ஒண்டைப் பாக்கவேணும் எண்டுதான் இதை வாங்கினனான்.”

 பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வருட ஞாயிறுகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“இதை அண்டைக்கே சொல்லியிருந்தா நான் இவ்வளவு கிரீஸ் பூசியிருக்க மாட்டன்” என்றேன்.

அவர் அடுத்த பின்னை எடுத்தார். பாவம் பார்த்தால் எனக்குக் கூரை இல்லை. லொறிச் சாரதி ஒரு லித்துவேனியன். மொஸ்கோவில் பொறுக்கிய ரஷ்யச் சொற்களை வைத்து அவனிடம் உதவி கேட்டேன். லொறியின் வின்ச் கம்பியால் டாங்கியைச் செயினின் மேலே மெல்ல இழுத்தோம். செயினின் இரண்டு முனைகளையும் நெம்பிச் சேர்த்து, சம்மட்டியால் பின்னை அடிக்கத் தொடங்கினேன். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு வாளியில் இருந்தார்.

மூன்றாவது அடியில், திரும்பாமலே, “சம்மட்டியை நேர பிடியும்” என்றார்.

நான் அடித்தேன்.

“உது குறுக்க போகுது.”

நான் இன்னும் பலமாக அடித்தேன்.

“அப்பிடி அடிச்சா ஓட்டை பிளக்குமடா!” எழுந்து வந்துவிட்டார். “விலத்தும். விலத்தும் எண்டுறன். உதென்ன மாட்டு வேலை?”

சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நானும் சாரதியும் எடுபிடிகள்தான். இரண்டரை மணிக்கு இரண்டு செயினும் பூட்டி, இழுவையும் சரிபார்த்தாகிவிட்டது. தன் பயத்தையும் மீறி ஒருவன் வேலையை ஒழுங்காகச் செய்வான் என்பதை நான் அன்று பார்த்தேன். என் பிழையான வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் ஏலவில்லை. நான் அதைத் தெரிந்துதான் செய்தேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நான்தான் ஓட்டினேன். டாங்கி லொறியில் ஏறியபோது மணவறைக்காரர் விசில் அடித்தார். எனக்கு அறைச் சாவி கிடைத்தது. இவர் டாங்கி நின்ற இடத்தில் மரத்தூளைக் கொட்டிக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் கல்யாணம். ஒரு மண்டபத்தின் கார் நிறுத்துமிடம், பத்து மணி முகூர்த்தம், நல்ல வெயில். லொறியிலிருந்து இறக்கி, வாசல் வரை அறுபது மீற்றர் ஓட்டவேண்டும். மாப்பிள்ளை மேலே நின்றான். இங்கே பிறந்த பிள்ளை, கறுப்புக் கண்ணாடி, தலைப்பாகை. குழலில் மல்லிகை. முன்னால் தவில். நான் ஓட்டுநர் துவாரத்தில் தலையை வெளியே நீட்டியிருந்தேன், கழுத்தில் எனக்கும் ஒரு மாலை.

மூலை திரும்பியபோது சனம் தெரிந்தது. இளசுகள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கோட் சூட் போட்ட ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பக்கத்தில் நின்ற மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் காருக்குப் பின்னால் விழுந்து படுத்தார். யோசித்துச் செய்யவில்லை. யோசிக்க நேரம் இருந்திருக்காது. பட்டுச்சேலையோடு அந்த அம்மா தார் நிலத்தில் முகம் வைத்துக் கிடந்தார்.

யாரோ சிரித்தார்கள். அவரும் எழும்பிச் சிரித்தார். முழங்காலைத் தட்டினார், மனைவியின் சேலையைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, “மன்னிச்சுக்கொள்ளும் தம்பி, நீர் வாரும், வாரும்” என்றார். ஊர்வலத்தைக் குழப்பிவிட்டாராம். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் மிச்சத் தூரத்தையும் ஓட்டினேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மறுநாள் காலை களஞ்சியத்தில் தனியாக வலது பக்கத்துச் செயினின் பின்னை அடித்துக் கழற்றினேன். மத்தியானம் மணவறைக்காரர் வந்தார்.

“என்ன இது? சனிக்கிழமை இன்னொரு கல்யாணம் இருக்கு. பூட்டும்.”

“ஏலாது.”

“ஏலாதோ, மாட்டீரோ?”

“மாட்டன்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. கழன்ற செயினைக் காலால் ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். “அப்ப திறப்பை வைச்சிட்டுப் போம். உந்த இரும்பையும் ஒரு கிழமைக்குள்ள எடுப்பியும்” என்றார்.

மிச்சத்தில் இருந்த அவருக்குப் போன் எடுத்து, நடந்ததைச் சொன்னேன். கார், சேலை, மன்னிப்பு எல்லாம்.  “வாறன்” என்றார் அவர்.

ட்ராம், ரயில், இன்னொரு ரயில். இரண்டு மணித்தியாலத்தில் கருவிப் பையோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே செயினுக்குப் பக்கத்தில் குந்தி, நான் கழற்றிய பின்னைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

“இதை ஆர் கழட்டினது?”

“நான்தான்.”

“தெரியுது. தலையை அடிச்சுச் சப்பையாக்கி வைச்சிருக்கிறீர். கழட்டுறதுக்கும் ஒரு முறை இருக்குத் தம்பி.”

அரத்தை எடுத்துப் பின்னின் தலையை ராவினார். எண்ணெய் பூசினார். பிறகு இரண்டு முனைகளையும் நெம்பிச் சேர்த்து, பின்னை ஓட்டைக்குள் விட்டுத் தட்டத் தொடங்கினார்.

“அண்ணை, என்ன செய்யிறியள்?”

“பூட்டுறன்.”

“பூட்டுறியளோ? இதைக் கழட்டினதால எனக்கு அறை போச்சுது அண்ணை! படியில பாருங்கோ, என்ர பை!”

“பூட்டினாத்தானே ஒழுங்காக் கழட்டலாம்” என்றார். “கத்தாமல் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடியும்.”

இந்த மனுசனை என்ன செய்வது? தூக்கிப் பிடித்தேன்.